ஆறாம் படிவ வாயிலில்: பாடத் தேர்வும் செலவுத் திட்டமும்

முன்னுரை

நம் ஊர்ப் பெரியவர்களிடம் "எதுவரை படித்தீர்கள்?" என்று வினவினால், "ஆறாவது பாரம்" என்று விடை கூறுவோர் இன்றும் உளர். பழைய சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில் வகுப்புகளைப் 'பாரம்' என எண்ணியழைத்த காலம் அது. ஆறாவது பாரம் என்பது எஸ்.எஸ்.எல்.சி. தேர்வெழுதும் இறுதி வகுப்பு. நம் தந்தையாரும் ஆறாவது பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் கணக்கெழுத அமர்ந்தவரே. பின்னர்ப் பாரம் என்னும் பெயர் மறைந்து வகுப்பு என்னும் பெயர் நிலைபெற்றது. 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபின் அச்சொல் முதியோர் நினைவில் மட்டுமே தங்கிவிட்டது.

அச்சொல் பிறந்த இங்கிலாந்தில் அது இன்றும் வழங்குகிறது. ஆயின் பொருள் வேறு. அங்கே ஆறாம் படிவம் என்பது பதினாறு வயதில் பொதுத் தேர்வை முடித்த மாணவர், பதினெட்டு வயதுவரை பயிலும் ஈராண்டுக் கல்வியாகும். நம் மேல்நிலை முதலாண்டு, இரண்டாமாண்டு வகுப்புகளுக்கு ஏறத்தாழ நிகரானது எனலாம்.

இதனை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவி ஒருவர், திருமணத்திற்குப் பின் கணவருடன் லெஸ்டர் நகரில் குடியேறியவர், கோடை விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைக் காண வந்திருந்தார். மூத்த மகனைப் பற்றிக் கேட்டோம். அவர் முகம் வாடியது. மருத்துவம் பயில வேண்டும் என்பது அச்சிறுவனின் பத்து வயதுக் கனவு. ஆறாம் படிவத்தில் அவன் எடுத்த பாடங்கள் உயிரியல், உளவியல், சமூகவியல். மூன்றிலும் நல்ல மாணவன். வேதியியல் இல்லாமல் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பிக்கவே இயலாது என்பது இரண்டாம் ஆண்டில்தான் அவனுக்குத் தெரியவந்தது. இப்போது வேறொரு கல்லூரியில் வேதியியலை முதலிலிருந்து பயில்கிறான். உடன் பயின்றோர் பல்கலைக்கழகம் சென்றுவிட்டனர்.

"ஐயா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம்" என்றார் அவர். அவருடைய இளைய மகளும் ஆறாம் படிவத்தில் சேரும் பருவத்தை அடைந்திருக்கிறாள். அவள் பொருட்டு நாம் தேடித் தெளிந்தவற்றை, கடல் கடந்து வாழும் நம் முன்னாள் மாணவர் குடும்பங்களுக்கும், அவர்களுக்கு இங்கிருந்து அறிவுரை கூறும் பெரியோர்க்கும் பயன்படுமாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பும் பின்னணியும்

இங்கிலாந்தில் பதினாறு வயது மாணவர் எழுதும் பொதுத் தேர்வு ஜி.சி.எஸ்.இ. எனப்படும். பழைய ஓ லெவல் தேர்வுக்கு மாற்றாக வந்த இத்தேர்வு 1988 இல் முதன்முறையாக நடைபெற்றது. 2017 முதல் படிப்படியாக எழுத்துத் தரங்கள் நீங்கி 9 முதல் 1 வரையிலான எண் தரங்கள் வந்தன. 9 உயர்ந்தது, 4 என்பது பொதுவாக ஏற்கப்படும் தேர்ச்சி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4 ஆம் தரத்தை எட்டாதவர்கள் ஆறாம் படிவத்திலும் அவற்றைத் தொடர்ந்து பயில வேண்டும்.

முற்காலத்தில் பதினாறு வயதோடு படிப்பை விட்டுவிடலாம். 2008 இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை மாற்றியது. 2015 முதல் இங்கிலாந்தில் பதினெட்டு வயதுவரை கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். இவ்விதி இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் முறைகள் வேறு; அவற்றை இதனோடு கலந்து குழம்புதல் ஆகாது.

ஈராண்டின் முதலாண்டு பன்னிரண்டாம் ஆண்டு என்றும், இரண்டாமாண்டு பதின்மூன்றாம் ஆண்டு என்றும் எண்ணப்படுகின்றன. முதன்மையான தகுதி ஏ லெவல். 1951 இல் தொடங்கிய இத்தேர்வு இலங்கைத் தமிழரிடையே 'உயர்தரம்' என்னும் பெயரால் நன்கு அறிமுகமானது. இங்கிலாந்தில் 2015 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, ஈராண்டுப் பாடத்துக்கும் இறுதியிலேயே தேர்வு நடைபெறுகிறது. முதலாண்டில் தளர்ந்திருந்துவிட்டு இரண்டாமாண்டில் ஈடுகட்டலாம் என்று எண்ணுவோர் முதலாண்டுப் பாடமும் அதே தேர்வில் வரும் என்பதனை மறத்தலாகாது.

மூன்றே பாடங்கள்

நம் நாட்டு மாணவர்க்கு வியப்பளிப்பது பாடங்களின் எண்ணிக்கை. ஜி.சி.எஸ்.இ.யில் எட்டு, ஒன்பது பாடங்கள் பயின்ற பிள்ளை, ஆறாம் படிவத்தில் பொதுவாக மூன்றே பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறது. நம் மேல்நிலைக் கல்வியில் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, வணிகவியற் பிரிவு எனப் பாடங்கள் தொகுப்பாகவே வருகின்றன. அறிவியற் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு வேதியியல் தானாகவே வந்துவிடும். அங்கே தொகுப்பு இல்லை. இயற்பியலோடு ஓவியத்தையும் வரலாற்றையும் சேர்த்தெடுக்கலாம்; தடுப்பார் இல்லை. அச்சுதந்திரம் பெரிது, அதனால் நேரும் பிழையும் பெரிது.

நம் மாணவியின் மகன் செய்த பிழையும் இதுவே. அவன் சோம்பலால் தவறவில்லை. ஜி.சி.எஸ்.இ.யில் வேதியியல் கடினமாகத் தோன்றியது. நண்பர்கள் உளவியல் எடுத்தனர். உயிரியல் இருந்தால் மருத்துவத்துக்குப் போதும் என்று நினைத்தான். இவ்வாறு நினைப்பது இயல்பே. எவரிடமும் கேட்டுத் தெளியாமையே அவனுக்கு ஓராண்டை இழப்பாக்கியது.

நான்கு பாடங்கள் எடுத்தால் பெருமை என்று கருதும் பெற்றோர் சிலர் உளர். பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களின் தரத்தையே கேட்கின்றன. நான்கில் நடுத்தரமாகத் தேறுவதினும் மூன்றில் சிறந்து தேறுவது மேல். கணிதத்தோடு உயர் கணிதத்தையும் எடுப்போர் மட்டும் நான்கினை எண்ணிப் பார்க்கலாம்.

முடிவிலிருந்து தொடங்குதல்

பாடத் தேர்வுக்கு நாம் பரிந்துரைக்கும் முறை ஒன்றே. பிள்ளை எங்கே போய்ச் சேர விரும்புகிறது என்பதனை முதலில் எழுதிக்கொள்க. அங்கிருந்து பின்னோக்கி நடந்து வருக. ஊர்ப் பெயர் அறியாமல் வண்டியேறுவது போன்றதே முடிவை எண்ணாமல் பாடம் எடுப்பது.

மருத்துவம் எனில் வேதியியல் ஏறத்தாழ எங்கும் வேண்டும். பல இடங்களில் உயிரியலும் உடன் வேண்டும். பல் மருத்துவத்துக்கும் இவ்விரண்டும் பெரும்பாலும் வேண்டும். பொறியியல் எனில் கணிதமும், பெரும்பாலும் இயற்பியலும் தேவை. முன்னணிப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியலுக்கும் பொருளியலுக்கும் கணிதம் கேட்கப்படுகிறது. பொருளியல் பட்டத்துக்குப் பொருளியல் கட்டாயமன்று, கணிதமே கட்டாயம் என்னும் செய்தி பல பெற்றோரைத் திகைக்க வைக்கிறது. சட்டத்துக்கோ குறிப்பிட்ட பாடம் எதுவும் பொதுவாக வேண்டியதில்லை. வரலாறு, ஆங்கில இலக்கியம் முதலிய, கட்டுரை எழுதிப் பழக்கும் பாடங்கள் துணைசெய்யும்.

எதிர்காலம் இன்னும் தெளியாத பிள்ளைகளே மிகுதி; அதில் குற்றமில்லை. அத்தகையோர் அதிகமான கதவுகளைத் திறந்து வைக்கும் பாடம் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ளுதல் நலம். ஏ லெவலில் மிகுதியானோர் எடுப்பது கணிதம். 2024 இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கணிதத்துக்கு இருந்தன. ஆயின் விருப்பமும் வலிமையும் இல்லாத பிள்ளையைக் கணிதத்தில் தள்ளுவது கொடுமை. கணிதத்துக்கு ஜி.சி.எஸ்.இ.யில் 6 அல்லது 7 ஆம் தரத்தைப் பல கல்லூரிகள் கேட்பதும் இது பற்றியே.

முன்பு சில பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழு, வழிதிறக்கும் பாடங்கள் என ஒரு பட்டியலை வெளியிட்டு வந்தது. மாணவர்கள் அதனை வேதவாக்காகக் கொள்ளத் தொடங்கினர். 2019 இல் அப்பட்டியல் கைவிடப்பட்டது. ஆகவே பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அறிவுரை கூறுவோரிடம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். சேர விரும்பும் பட்டப்படிப்பின் பக்கத்தை, அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பிலேயே நேரில் படித்தறிவதுதான் முறை. மூன்று பல்கலைக்கழகங்களின் தகுதி நிபந்தனைகளை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால், கட்டாயப் பாடம் எதுவென்பது தானே விளங்கும். அரைமணி நேர வேலை. அதனைச் செய்யாமையால் ஓராண்டு போயிற்று.

ஏ லெவல் மட்டுமே வழியன்று

ஏட்டுப் படிப்பைவிடச் செயல்வழிப் படிப்பில் சிறக்கும் பிள்ளைகள் உளர். அவர்களை ஏ லெவலுக்கு இழுத்துச் சென்று துன்புறுத்த வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் தொடங்கிய டி லெவல் என்பது ஒரே தொழில்துறையை ஈராண்டு ஆழமாகப் பயிலும் கல்வி. மூன்று ஏ லெவல்களுக்கு நிகராக மதிக்கப்படுகிறது. ஏறத்தாழ 45 நாள் தொழிலிடத்தில் பணியாற்றிப் பழகுவதும் அதன் பகுதி. உடல்நலத்துறை, கட்டுமானம், கணக்கியல், மழலையர் கல்வி எனத் துறைகள் பல.

பீடெக் என்னும் தகுதியும் உண்டு. நம் நாட்டுப் பொறியியல் பட்டமான பி.டெக். என இதனை மயங்கற்க. இது பள்ளி நிலைத் தொழிற்கல்வியே. பீடெக் முதலிய தகுதிகளை அரசு மாற்றியமைத்து வருகிறது. 2025 அக்டோபரில் வெளியான வெள்ளை அறிக்கை 'வி லெவல்' என்னும் புதிய தகுதியை அறிவித்தது. ஆகையால் அண்ணன் பயின்ற பாடம் தங்கைக்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், சேரும் ஆண்டில் எது உண்டென்று கேட்க வேண்டும். ஊதியத்தோடு பயிலும் தொழிற்பயிற்சிப் பணியும் சட்டம் ஏற்கும் வழியே.

பயிலும் இடமும் மூவகை. பயின்ற பள்ளியிலேயே உள்ள ஆறாம் படிவம் ஒன்று. பதினாறு முதல் பத்தொன்பது வயதினர்க்கென்றே அமைந்த ஆறாம் படிவக் கல்லூரி இரண்டு. தொழிற்கல்விக்குப் பெயர்பெற்ற மேற்கல்விக் கல்லூரி மூன்று. பள்ளியில் பழகிய ஆசிரியர் உண்டு, பாடங்கள் குறைவு. கல்லூரியில் பாடங்கள் மிகுதி. தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் பொறுப்பும் மிகுதி. விரும்பிய பாடம் பழைய பள்ளியில் இல்லையெனில், நட்புக்காக அங்கேயே தங்குதல் அறிவுடைமை ஆகாது.

இலவசம் என்னும் சொல்லின் உட்பொருள்

அரசு நிதி பெறும் நிறுவனங்களில் இவ்வயதினர்க்குக் கல்விக் கட்டணம் இல்லை. இதனைக் கேட்ட நம் மக்கள், செலவே இல்லை என்று முடிவுகட்டிவிடுகின்றனர். கட்டணம் இல்லை என்பது வேறு, செலவு இல்லை என்பது வேறு. நம் மாணவியின் வீட்டில் நடந்தது இதற்குச் சான்று.

கணவருக்குக் கிடங்கு ஒன்றில் இரவுப் பணி. வாடகை கொடுத்தபின் மிச்சம் சொற்பம். மகன் இதனை அறிவான். பேருந்துச் செலவைச் சொல்லாமல், முக்கால் மணி நேரம் நடந்தே போய்வந்தான். மதிய உணவைத் தவிர்த்தான். பாடச் சுற்றுலா ஒன்றுக்குப் பணம் கேட்ட கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, தனக்கு விருப்பமில்லை என்று ஆசிரியரிடம் கூறிவிட்டான். துணி துவைக்கையில் கடிதம் தாயின் கையில் கிடைத்தது. இதைச் சொல்லும்போது அவர் அழுதார். நமக்கும் பேச்சு எழவில்லை.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியாண்டு ஏறத்தாழ 190 நாள். 2025 இல் இங்கிலாந்தின் பெரும்பாலான பேருந்துகளில் ஒருவழிக் கட்டணத்தின் உச்சவரம்பு 3 பவுண்டு. போகவர 6 பவுண்டு எனில் ஆண்டுக்கு 1,140 பவுண்டு. மதிய உணவுக்கு நாளொன்றுக்கு 4 பவுண்டு எனில் 760 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 1,900 பவுண்டு. சலுகை எதனையும் நாடாமல் நாள்தோறும் சீட்டெடுக்கும் குடும்பத்தின் கணக்கு இது. இவையன்றி அலுவலக உடை கேட்கும் பள்ளிகளில் கோட்டும் காலணியும், கணிதத்துக்கு உரிய கணிப்பான், ஓவியத்துக்கு வண்ணமும் தாளும், எழுதிப் படிக்க மடிக்கணினி எனப் பட்டியல் நீள்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. அளக்கும் முறைகள் சில கூறுவோம்.

ஒன்று, பயணம். சலுகைச் சீட்டுகள் பல உள. இலண்டனில் வாழும் 16, 17 வயதினர் உரிய அட்டைக்கு விண்ணப்பித்தால் நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம். மான்செஸ்டர் பெருநகரப் பகுதியில் 2019 முதல் இத்தகைய பேருந்துச் சீட்டு உண்டு. இரயிலுக்கு 16, 17 வயதினர்க்கான பாதிக் கட்டண அட்டையும் 2019 இல் வந்தது. பிற ஊர்களில் வாழ்வோர் உள்ளாட்சி மன்றத்தைக் கேட்க வேண்டும்; பதினாறு வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்கான பயண உதவிக் கொள்கையை ஆண்டுதோறும் வெளியிடுவது அதன் கடமை.

இரண்டு, நூல்கள். ஒரே பாடத்துக்கு ஏ.க்யூ.ஏ., ஓ.சி.ஆர்., எட்எக்செல் எனத் தேர்வு வாரியங்கள் பல. பாடத்திட்டமும் நூலும் வாரியத்துக்கு வாரியம் வேறுபடும். வாரியம் எதுவென்று கேளாமல் விடுமுறையிலேயே நூல் வாங்குவோர் பணத்தை வீணாக்குகின்றனர். முதல் வகுப்புக்குப் பின் கேட்டறிந்து, மூத்த மாணவரிடம் பழைய நூலாக வாங்குக. பாடத்திட்டமும் முந்தைய வினாத்தாள்களும் வாரியங்களின் இணையப் பக்கங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்று, கருவிகள். விலையுயர்ந்த வரைபடக் கணிப்பானை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ஆசிரியர் எது வேண்டுமெனக் கூறுகிறாரோ அதுவே போதும். மடிக்கணினியைக் கல்லூரி இரவல் தருமா என்று முதலில் கேட்க வேண்டும். புதுப்பித்து விற்கப்படும் பழைய கணினி பள்ளி வேலைக்குப் போதுமானதே.

நான்கு, பாடத்தோடு வரும் செலவு. புவியியல் ஏ லெவலுக்குக் குறைந்தது நான்கு நாள் களப்பணி கட்டாயம். எனவே பாடம் தேரும்போதே, 'இதற்குச் சுற்றுலா உண்டா? செலவு எவ்வளவு? இயலாதவர்க்கு உதவி உண்டா?' என்னும் மூன்று வினாக்களையும் கேட்டுவிடுதல் நன்று. செலவுக்கு அஞ்சிப் பாடத்தை விடுவதற்காக அன்று. உதவியை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதற்காக.

உதவி கேட்டல் இழிவன்று

பழைய கல்விப் பராமரிப்புத் தொகை வாரம் 30 பவுண்டு வரை வழங்கிவந்தது. இங்கிலாந்தில் அது 2011 இல் நின்றுபோயிற்று. அதற்கு மாற்றாக அவ்வாண்டே வந்தது 16 முதல் 19 வயதினர்க்கான உதவி நிதி. இது இருவகைப்படும். பெற்றோர் பராமரிப்பின்றி அரசுப் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் முதலிய குறிப்பிட்ட சிலர்க்குத் தேவையைப் பொறுத்து ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை கிடைக்கும். ஏனையோர்க்கு, குடும்ப வருமானத்தையும் தேவையையும் பார்த்துப் பள்ளியோ கல்லூரியோ தன் விருப்புரிமையால் வழங்குவது இரண்டாம் வகை. பயணம், உணவு, நூல், கருவி, களப்பணி ஆகியவற்றுக்கு இந்நிதியிலிருந்து உதவலாம். நம் மாணவியின் மகன் நடந்த முக்கால் மணி நேரத்துக்கும், விட்டுவிட்ட சுற்றுலாவுக்கும் விடை இந்நிதியிலேயே இருந்திருக்கலாம். அவன் கேட்கவில்லை. "இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது ஐயா, தெரிந்திருந்தாலும் அவன் கூச்சப்பட்டிருப்பான்" என்றார் தாய்.

இந்நிதி அளவானது. ஆகவே செப்டம்பர் முதல் வாரங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றுகளைக் கோடையிலேயே எடுத்து வைத்தல் நலம். தகுதியுடைய குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு மதிய உணவு இலவசம். பள்ளிகளில் இருந்த இவ்வுரிமை 2014 இல் கல்லூரிகளுக்கும் விரிந்தது. யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்கள் அனைத்துக்கும் 2026 செப்டம்பரில் இதனை விரிவாக்குவதாக அரசு 2025 இல் அறிவித்தது.

பெற்றோர் பெறும் குழந்தை உதவித்தொகையைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைந்தபின் வரும் ஆகஸ்டு 31 ஆம் நாளோடு அது நின்றுவிடும். பிள்ளை முழுநேரக் கல்வியில் தொடர்கிறது என்று தெரிவித்தால் மட்டுமே தொடரும். வரும் கடிதத்துக்கு விடையளிக்காமல் தொகையை இழந்த குடும்பங்கள் பல. ஆயின் விசாவில் பொதுநிதி பெறத் தடை உள்ளவர்கள் இத்தகைய தொகைகளைக் கோருதல் ஆகாது. கோரினால் குடியிருப்பு உரிமைக்கே கேடு நேரும். அத்தகையோர் தக்க ஆலோசனை பெற்ற பின்னரே எதனையும் செய்ய வேண்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு யூகாஸ் நிறுவனம் பெறும் கட்டணம், இலவச உணவு பெறும் மாணவர்க்கு 2025 ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நீக்கப்பட்டுள்ளது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் கட்டண உதவி உண்டு. மருத்துவத்துக்கும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் இரண்டாமாண்டின் அக்டோபர் நடுவிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதனையும் நினைவிற் கொள்க.

பகுதிநேரப் பணி செய்து வீட்டுக்கு உதவ எண்ணும் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குரிய குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. சனிக்கிழமை ஒருநாள் வேலை பயணச் செலவைத் தாங்கும். வார நாள் மாலைகளையும் வேலைக்குக் கொடுத்துவிட்டால் படிப்பு தாங்காது. ஏ லெவல் வகுப்புகளுக்கிடையே வரும் ஓய்வு நேரங்கள் விளையாட்டுக்காக விடப்பட்டவை அல்ல; வகுப்பில் கேட்டதைத் தானே படித்து நிறைவுசெய்வதற்காக விடப்பட்டவை.

முதல் ஆறு வாரங்கள்

செப்டம்பரில் வகுப்பு தொடங்கிய பின்னும் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. பாடம் பொருந்தவில்லையெனில் முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான நிறுவனங்கள் இடந்தருகின்றன. இறுதி நாள் எதுவென்பதை முதல் வாரமே கேட்டுக் குறித்துக்கொள்க. கடினமாக இருக்கிறது என்பதொன்றே மாற்றுவதற்குக் காரணமாகாது. ஏ லெவல் எல்லார்க்கும் முதலில் கடினமே. செல்ல விரும்பும் வழிக்கு இப்பாடம் வேண்டுமா என்பதே கேட்க வேண்டிய வினா.

பெற்றோர், மொழித் தடை கருதி ஆசிரியர் சந்திப்புக்குச் செல்லாமல் இருந்துவிடுகின்றனர். தமிழில் எழுதிச் சென்று, பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொன்னாலும் தாழ்வில்லை. என் மகள் இன்ன படிப்பை விரும்புகிறாள், இப்பாடங்கள் அதற்குப் போதுமா, எங்களால் இவ்வளவுதான் செலவிட முடியும், என்ன உதவி உண்டு என்னும் வினாக்கள் எந்த மொழியிலும் மதிப்பிழப்பதில்லை.

முடிவுரை

இக்குடும்பத்தின் இழப்பை எண்ணிப் பார்க்கையில் நமக்கு ஒன்று தெளிவாகிறது. பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. உதவி நிதியும் இல்லாமற்போகவில்லை. பாடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. பணத்தைப் பற்றியும் கேட்கவில்லை. பாடத் தேர்வும் செலவுத் திட்டமும் இருவேறு செய்திகள் போலத் தோன்றினும், இரண்டையும் கெடுத்தது கேளாமை ஒன்றே. பிள்ளை பெற்றோரை வருத்தக்கூடாது என்று மறைத்தது. பெற்றோர் பிள்ளையின் அறிவை நம்பி விட்டுவிட்டனர். அன்பினாலேயே இரு தரப்பும் வாய்மூடியிருந்தன.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் வாழும் உறவினர் தொலைபேசியில் அழைக்கும்போது, 'பையன் என்ன மதிப்பெண்?' என்று கேட்பதோடு நில்லாமல், 'என்ன பாடம் எடுத்திருக்கிறான்? எதற்காக? செலவுக்கு என்ன செய்கிறான்?' என்றும் கேளுங்கள். நம் கல்லூரி மாணவர்களும் இதனை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்க வேண்டா. மேல்நிலை வகுப்பில் பிரிவு தேரவிருக்கும் தம்பி தங்கையர் உங்கள் வீட்டிலும் உளர். அவர்களிடம் கேட்க வேண்டிய வினாக்களும் இவையே.

லெஸ்டரிலிருந்து அம்மாணவி அண்மையில் பேசினார். இளைய மகள் மூன்று பல்கலைக்கழகங்களின் நிபந்தனைகளைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாளாம். அதன் கீழே செலவுக் கணக்கும் உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாளும் இருக்கின்றனவாம். அவற்றை எழுதிக் கொடுத்தவன் அவளுடைய அண்ணன்.